கைபேசியும் கடமையும்



பிராட்வே என்றால் அகன்ற வழி என்பது பொருள். மாலை ஆறு மணிக்கு எர்ணாகுளத்துப் பிராட்வேயில் நடந்து பார்த்தவர் அப்பெயரை எண்ணி நகைக்காமல் இரார். துணிக்கடையும் குடைக்கடையும் பாத்திரக்கடையும் இருபுறமும் நெருங்கி நிற்க, நடுவே சுமைதூக்கும் தொழிலாளர் வழி கேட்டுக்கொண்டு வர, நம் தோள் பிறர் தோளில் உரசாமல் பத்து அடி நடத்தல் அரிது. நம் சங்க விழாக்களுக்கு வண்ணத்தாளும் கயிறும் பூவும் வாங்க நம்மில் பலர் போய்வரும் தெரு அது.

அத்தெருவில் இன்று கல்லாப்பெட்டிதோறும் கருப்பும் வெள்ளையுமாய் ஒரு சதுரக் குறி இருக்கிறது. 2016-இல் யூ.பி.ஐ. முறை வந்தது, இன்று பூக்கூடையிலும் அந்த அட்டை தொங்குகிறது. சில்லறை இல்லை என்ற பேச்சுக் குறைந்துவிட்டது. இவ்வளர்ச்சியைப் பழிப்பதற்காக இக்கட்டுரையை நான் எழுதவில்லை. விஞ்ஞானம் பயிலும் மாணவன் விஞ்ஞானத்தின் விளைவைப் பழித்தல் நன்றன்று. ஆனால் கருவி வளர்ந்த அளவிற்கு அதனை ஏந்தும் கையின் பண்பும் வளர்ந்ததா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அவ்வினாவை முதலில் என்னையே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. அதனை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

சில மாதங்களுக்கு முன் நம் மாணவர் குழு ஒன்றில் ஒரு படம் வந்தது. பிராட்வேயில் ஒரு கடையின் கண்காணிப்புக் கருவியில் பதிவான மங்கிய படம். புடவை கட்டிய பெண் ஒருத்தி கடை வாயிலில் நிற்கிறாள். “தமிழ் பேசும் பெண். பணக்கட்டைத் திருடியவள். கண்டால் பிடியுங்கள்” என்பது அதன் கீழிருந்த வாசகம். நான் அதை மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். பிறரை எச்சரித்து நல்லதொரு காரியம் செய்துவிட்டதாகவே அன்றிரவு எண்ணினேன். விரலால் இருமுறை தொட்டதற்குமேல் அதில் எனக்கு உழைப்பும் இல்லை, சிந்தனையும் இல்லை.

பொங்கல் விழாவுக்குப் பூ வாங்கப் போனபோது, வழக்கமாகத் தெருமுனையில் பூ விற்கும் அக்காவைக் காணோம். பக்கத்துத் தேநீர்க்கடைக்காரரைக் கேட்டேன். காணாமற்போன பணம் அன்று மாலையே கடையின் கணக்குப் புத்தகங்களுக்கு அடியில் கிடைத்துவிட்டது என்றும், ஆனால் படம் ஊரெல்லாம் போனபின் அந்தப் பெண் இந்தப் பக்கம் வருவதை விட்டுவிட்டாள் என்றும் அவர் சொன்னார். அப்போதுதான் அந்த மங்கிய முகம் யாருடையது என்று எனக்கு விளங்கிற்று. சரஸ்வதி பூசைக்கு எனக்கு இரண்டு முழம் கூடுதலாக அளந்து கொடுத்த முகம் அது.

படகேறி மட்டாஞ்சேரிக்குப் போய், ஒரு கோயில் வாசலில் அவரைக் கண்டேன். பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்.

“கடைக்காரரு வந்து மன்னிப்புக் கேட்டாரு தம்பி. ஆனா படத்தைப் பார்த்தவங்க எல்லார்கிட்டயும் யாரு போயிச் சொல்றது?” என்றார்.

நானும் அதை அனுப்பினேன் என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “நீங்கள்லாம் படிச்ச புள்ளைங்க. உங்களுக்குமா தம்பி தெரியல?” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

பிராட்வேக்கு இணையாக ஓடும் சாலைக்குச் சண்முகம் சாலை என்று பெயர். 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாக இருந்தவரும், பின்பு விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சராக விளங்கியவருமான கோவைத் தமிழர் ஆர். கே. சண்முகம் செட்டியாரின் பெயர் அது. ஒரு தமிழரின் பெயரைச் சாலைக்குச் சூட்டிப் போற்றிய ஊரில், மற்றொரு தமிழ்ப் பெண்ணின் முகத்தைத் திருடியின் முகமாகப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். அயலூரில் பிழைக்க வந்தவர்க்கு நற்பெயரே முதல். அம்முதலை நான் தொலைத்தேன்.

அடைக்கலப் பொருள்

இப்பிழைக்குக் காரணம் யாது? தீய எண்ணம் அன்று. என் கைபேசிக்கு வந்ததெல்லாம் என் பொருள் என்று எண்ணியதே காரணம். பிறருடைய படமும் பெயரும் எண்ணும் நோயும் துயரும் நம் கைக்கு வந்துவிட்டால் நம்முடையவை ஆகிவிடா. அவை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள்கள்.

அடைக்கலம் என்னும் சொல்லைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் அடைக்கலத்தின் பெயராலேயே ஒரு காதை இருக்கிறது. கவுந்தியடிகள் ஒப்படைத்த கண்ணகியைக் காக்க இயலாமற்போன மாதரி தீயில் புகுந்தாள். அதே மதுரையில் நடந்ததை மீண்டும் நினைத்துப் பாருங்கள். புகாரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த அயலூரான் ஒருவன், கையில் ஒரு சிலம்பு, பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல், விசாரியாத மன்னன். கோவலன் கொலையுண்டது வாளால் மட்டும் அன்று. ஆராயாமல் ஒருவர் சொல்லி, ஆராயாமல் மற்றொருவர் ஏற்ற செய்தியால். பாண்டியன் தன் பிழை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர் நீத்தான். நாம் உயிரை விட வேண்டுவதில்லை. “நான் அனுப்பியது பொய்” என்று ஒரு வரி எழுதினால் போதும். அதையும் எத்தனை பேர் எழுதுகிறோம்?

இந்த அடைக்கலப் பொருளைப் பேண நான்கு நெறிகள் போதும் என்று கருதுகிறேன். ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதல் நெறி: கேட்டபின் கொள்க

நம் நாட்டு மாட்டுச் சந்தைகளில் விலை பேசுவதைக் கண்டிருப்பீர்கள். தரகரும் வாங்குவோரும் துண்டுக்கு அடியில் கை கோத்து விரல்களைத் தொட்டு விலை பேசுவர். சுற்றி நூறு பேர் நின்றாலும் அந்த விலை இருவர்க்கே உரியது. அதில் களவும் இல்லை, குற்றமும் இல்லை. மறைவு வேறு, வஞ்சகம் வேறு என்பதை எழுத்தறியாத உழவரும் அறிந்திருந்தனர்.

இவ்வுண்மையை இந்திய உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் சட்டத்தின் மொழியில் உரைத்தது. புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தனர். அதன் பயனை நம் அருகிலேயே கண்டோம். பிராட்வேயிலிருந்து நடந்து போகும் தொலைவில்தான் கேரள உயர் நீதிமன்றம் இருக்கிறது. 2020-இல் கோவிட் நோய் பரவியபோது, மக்களின் உடல்நலத் தகவல்களைத் தொகுத்து ஆராய, ஸ்பிரிங்க்ளர் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருளைக் கேரள அரசு பயன்படுத்தியது. வழக்கு எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் பிறப்பித்த இடைக்கால ஆணையில் நீதிமன்றம் இரண்டு செய்திகளை வற்புறுத்தியது. ஆள் அடையாளத்தை நீக்கிய பின்னரே தகவலை அந்நிறுவனம் அணுகவேண்டும். இனித் தகவல் கொடுப்பவரிடம், வெளியார் ஒருவர் இதனை அணுகக்கூடும் என்று சொல்லி இசைவு பெறவேண்டும். கொள்ளை நோயின் நடுவிலும், “கேட்டாயா?” என்னும் வினா கைவிடப்படவில்லை.

பெயரை நீக்கிவிட்டால் அடையாளம் நீங்கிவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. லதான்யா ஸ்வீனி என்னும் அமெரிக்க ஆய்வாளர் 2000-இல் ஒரு கணக்கிட்டார். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா என்பது ஆகிய மூன்றும் தெரிந்தாலே அமெரிக்க மக்களில் 100-க்கு 87 பேரைத் தனித்து அறிந்துவிடக்கூடும் என்பது அவர் கண்ட முடிவு. நான் அனுப்பிய படத்திலும் பெயர் இல்லை. “தமிழ் பேசும் பெண்”, “பிராட்வே”, ஒரு மங்கிய உருவம் ஆகிய மூன்றே இருந்தன. அம்மூன்றும் போதுமானவையாக இருந்தன.

ஆதலின், விடுதியில் உறங்கும் நண்பனின் படமாயினும், தேர்வில் தோற்ற தோழியின் மதிப்பெண்ணாயினும், உரியவரைக் கேட்டபின்னரே எடுத்தலும் கொடுத்தலும் வேண்டும்.

இரண்டாம் நெறி: தேவைக்குமேல் கொள்ளற்க

பத்து ரூபாய்ப் பேனா வாங்கினாலும் சில கடைகளில் கைபேசி எண்ணைக் கேட்கின்றனர். நாமும் பழக்கத்தால் சொல்லிவிடுகிறோம். பேனாவுக்கும் எண்ணுக்கும் என்ன தொடர்பு? எண் தந்தால்தான் பொருள் தருவோம் என்று கடைகள் வற்புறுத்தலாகாது என 2023 மே மாதத்தில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையே அறிவுறுத்திற்று. ஆகவே, “எண் எதற்கு?” என்று பணிவுடன் கேட்பது முரட்டுத்தனம் அன்று.

2023-இல் நாடாளுமன்றம் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வெளியாயின. அவை படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு அமைந்தவை. இசைவு பெறுதல், சொன்ன காரியத்திற்கு மட்டும் பயன்படுத்துதல் ஆகியவை அச்சட்டத்தின் அடிப்படைகள். ஆனால் தோழர்கள் ஒன்றைக் கருதவேண்டும். தனிமனிதர் தம் சொந்தக் காரியத்திற்கும் வீட்டுக் காரியத்திற்கும் கையாளும் தகவலுக்கு அச்சட்டம் பொருந்தாது. நம் குடும்பக் குழுவும் நண்பர் குழுவும் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியே நிற்பவை. சட்டம் எட்டாத அவ்விடத்தில் நம்மைக் காப்பதும் கண்டிப்பதும் நம் மனச்சான்று ஒன்றே.

நம் சங்கமும் இதற்கு விலக்கு அன்று. விழாவுக்குப் பெயர் பதியும் தாளில் முகவரி, பிறந்த தேதி, பெற்றோர் எண் என்று பத்துக் கட்டங்கள் வைக்கிறோம். உணவுக்கு ஆள் கணக்குத் தெரிய வேண்டுமானால் பெயரும் துறையும் போதாவா? விழா முடிந்தபின் அந்தப் பட்டியலை அழிக்கிறோமா?

மூன்றாம் நெறி: ஆராயாமல் பரப்பற்க

ஒருவர் ஐவர்க்கும், அந்த ஐவரில் ஒவ்வொருவரும் வேறு ஐவர்க்கும் அனுப்புவதாகக் கொள்வோம். ஐந்தாம் படியில் மட்டும் 3,125 பேர். எல்லாப் படிகளையும் கூட்டினால் 3,905 பேர். நம் வகுப்பில் எவரும் போடக்கூடிய கணக்கு இது. ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவை எழுதும்போது அதன் பிழை எல்லையையும் சேர்த்து எழுதுகிறோம். எழுதாவிடில் ஆசிரியர் ஏடேற்க மாட்டார். மனிதரைப் பற்றிய செய்தியை மட்டும் பிழை எல்லை இன்றி 3,905 பேர்க்கு அனுப்பலாமோ?

இது வெறும் கணக்கு அன்று. 2018 மே மாதத்தில் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்குச் சென்ற சென்னைக் குடும்பத்தார் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தனர். குழந்தை கடத்துவோர் நடமாடுகின்றனர் என்னும் வதந்தி அந்நாளில் வாட்ஸ்அப் வழியாக எங்கும் பரவியிருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் முதிய பெண் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டத்தில் இதே வதந்தியால் ஐவர் கொல்லப்பட்டனர். அம்மாதமே வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்குமேல் அனுப்ப இயலாதவாறு எல்லை விதித்தது. கருவிக்கு வேலி இட்டனர். மனத்துக்கு வேலி இடும் பணி நம்முடையது.

2018 ஆகஸ்ட்டு வெள்ளத்தில் கேரளம் தவித்தபோது கைபேசியின் இரு முகங்களையும் கண்டோம். ஒருபுறம், தன்னார்வ இளைஞர்கள் அமைத்த இணையவழி மீட்பு ஏற்பாட்டில், சிக்கியவர் எங்கே இருக்கிறார் என்ற செய்தி பதிவாகி உதவி சென்றது. மறுபுறம், முல்லைப்பெரியாறு அணை உடைந்துவிட்டது என்னும் பொய்யான குரல் செய்தி பரவி, நீரில் நின்றவர்களை மேலும் நடுங்கச் செய்தது. 1895-இல் கட்டி முடித்த அவ்வணையைப் பற்றிய பேச்சு இரு மாநிலத்தாரையும் எளிதில் கொதிக்கச் செய்வது. தேனியில் ஒரு பொய்யும் இடுக்கியில் ஒரு பொய்யும் கிளம்பினால் நடுவில் அல்லற்படுவோர் யார்? அங்கே ஏலத்தோட்டத்தில் உழைக்கும் தமிழரும், இங்கே நம்மோடு ஒரே மேசையில் உண்ணும் மலையாள நண்பருமே.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுகின்றனர் என்று பொய்யான காணொளிகள் பரவின. வேறு நிகழ்ச்சிகளின் படங்களுக்குப் பொய்த் தலைப்பு இட்டிருந்தனர். அஞ்சிய தொழிலாளர் பலர் ஊர் திரும்ப முற்பட்டனர். பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி ஆராய்ந்தது. அந்நாளில் நாம், “எங்கள் மண்ணைப் பற்றி ஆராயாமல் பேசுகின்றனரே” என்று வருந்தினோம். அந்த வருத்தத்தை நினைவில் வைத்திருந்தால், பூக்காரி ஒருத்தியின் படம் வந்தபோது என் விரல் சற்றுத் தயங்கியிருக்கும்.

அனுப்புமுன் மூன்று வினாக்கள் கேட்போம். இதை முதலில் சொன்னவர் யார்? இது பொய்யாயின் துன்புறுபவர் யார்? அவர் என் தமக்கையாக இருந்தால் இதை அனுப்புவேனா?

நான்காம் நெறி: போன வழியே திருத்தமும் போகட்டும்

விஞ்ஞான இதழில் வந்த முடிவு பிழையென்று தெரிந்தால், அதே இதழில் திருத்தம் வெளியிடுவது மரபு. ஆராய்ச்சியாளர்க்கு அது தலைகுனிவு அன்று. நாம் அனுப்பிய செய்திக்கும் இதே மரபு வேண்டும். அனுப்பியதை ஒரு கால எல்லைக்குள் அழிக்க வாட்ஸ்அப்பில் வழி உண்டு. ஆனால் நம்மிடமிருந்து பெற்றவர் பிறர்க்கு அனுப்பியதை நம்மால் அழிக்க முடியாது. ஓசையின்றி அழிப்பது நம் தடயத்தை நீக்குமேயன்றிப் பிறர் மேல் விழுந்த பழியை நீக்காது. படம் போன ஒவ்வொரு குழுவுக்கும், நம் பெயரோடு திருத்தம் போகவேண்டும்.

மட்டாஞ்சேரியிலிருந்து திரும்பிய இரவு நான் அந்த மூன்று குழுக்களிலும் எழுதினேன். அந்தப் பெண் குற்றமற்றவர். பணம் கடையிலேயே கிடைத்தது. ஆராயாமல் அனுப்பியது என் பிழை என்று எழுதினேன். ஒரு குழுவில் இருவர் நன்றி கூறினர். மற்றொன்றில், “எந்தப் படம்?” என்று கேட்டனர். மூன்றாவதில் மறுமொழியே இல்லை. பழிச்சொல் ஓடிய வேகத்தில் திருத்தம் ஓடவில்லை என்பதை அன்று கண்டேன். திருத்தம் பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. முதலில் அனுப்பும்போது எவ்வளவு தயங்கவேண்டும் என்பதே பொருள்.

சுதந்திரமும் தன்னடக்கமும்

“இவ்வளவு தீங்கு உண்டெனில் மாணவரிடமிருந்து கைபேசியைப் பறித்துவிடலாமே” என்று சில பெரியவர் சொல்லக்கூடும். அதற்கும் அதே உயர் நீதிமன்றம் விடை கூறியிருக்கிறது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை மாணவியர் கைபேசி வைத்திருக்கலாகாது என்று விதி செய்தனர். அதை ஏற்க மறுத்த மாணவி ஒருவர் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். 2019 செப்டம்பர் 19-ஆம் நாள் வெளியான தீர்ப்பு, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று கூறி, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்கச் செய்தது.

நம்மை ஒத்த மாணவி ஒருவர் வென்று தந்த உரிமை இது. எப்போது படிப்பது, எவ்வாறு படிப்பது என்பதை வயது வந்த மாணவர் தாமே முடிவு செய்யத் தக்கவர் என்னும் நம்பிக்கை அதில் இருக்கிறது. அந்நம்பிக்கைக்குத் தகுதியுடையவராய் நடப்பது நம் கடன். விடுதிக் காப்பாளர் விதிக்கும் கட்டுப்பாடு வேண்டாம் எனில், நாமே நமக்கு விதிக்கும் கட்டுப்பாடு வேண்டும்.

அந்தக் கட்டுப்பாட்டில் பிறர்க்கு உதவுதலும் அடங்கும். 2025 ஆகஸ்ட்டில் கேரளம் தன்னை முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவித்துக்கொண்டது. இங்கே பிழைக்க வந்த நம் தமிழ்த் தொழிலாளருள் முதியோர் சிலர்க்கு இன்னும் வங்கிச் செய்தி ஆங்கிலத்தில் வந்தால் அச்சம். போலிக் காவலராகப் பேசிக் காணொளி வழியே மிரட்டிப் பணம் பறிப்போர் தேடுவதும் இத்தகையோரையே. அவர்களுக்கு 1930 என்னும் சைபர்க் குற்ற உதவி எண்ணைச் சொல்லித் தருவோம். உதவும்போது அவர்களின் இரகசிய எண்ணை நாம் பாராமல் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அதுவும் அடைக்கலப் பொருளே.

தோழர்களே, ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். நம் சங்கத்தின் குழுவில் ஒரு விதி செய்வோம்: ஒரு மனிதரைக் குற்றம் சாட்டும் படமோ எண்ணோ அங்கே இடம்பெறலாகாது. புகார் இருப்பின் அது காவல் நிலையத்துக்குப் போகட்டும். பிழையாக எதையேனும் அனுப்பியவர், அதே குழுவில் தம் பெயரோடு திருத்தம் எழுதட்டும்.

அடுத்த விழாவுக்குப் பூ வாங்குவோர் ஒருமுறை மட்டாஞ்சேரிப் படகில் ஏறுங்கள். அக்கா இன்னும் அந்தக் கோயில் வாசலில்தான் இருக்கிறார். பிராட்வேக்குத் திரும்பி வரும்படி நான் அழைத்தேன், வரவில்லை. நாம் பத்துப் பேராகச் சென்று, பெயர் சொல்லி வணங்கி, அழைத்தால் ஒருவேளை வருவார்.